கா. தணிகாசலமும் சா. தணிகாசலமும்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் மூன்று நாளாக என் மேஜையில் கிடக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் மேற்கு மாம்பலத்தில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பிழை திருத்திய மனிதன், சொந்த மகனின் பத்திரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. நாலு வரியில் அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று உன் அம்மா கேட்கிறாள். மூன்று வரியில் ஒன்றுமில்லை. நாலாவதாக, நீயே ஆசைப்பட்டுச் சேர்க்கச் சொன்ன வரியில், "போரில் உயிர் நீத்த கா. தணிகாசலம் அவர்களின் பேரனும்" என்று இருக்கிறது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் வரி பொய். உன் தாத்தா போரில் சாகவில்லை. அவர் பட்டாளத்துக்கே போனதில்லை.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் வழக்கம்போல் "சாப்பிட்டாயா" என்று பேச்சை மாற்றிவிடுவேன். எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியாது. உனக்குப் புத்தி சொல்லும் கடிதம் என்று இதை நினைத்துக்கொள்ளாதே. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம்தான். எனக்கோ எது நல்ல வார்த்தை என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. முன்னும் பின்னுமாக வரும், பொறுத்துக்கொண்டு படி.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நாங்கள் அடையாற்றின் கரையில், ஓலையும் தகரமும் போட்ட ஒரு வரிசையில் குடியிருந்தோம். ஒரு நாள் என் அப்பா வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அந்தச் சமயத்தில் வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வரிசையிலிருந்தே இரண்டு மூன்று பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். என் அம்மா, அதாவது உன் ஆயா, கேட்டவர்களுக்கெல்லாம் "மிலிட்டரிக்குப் பூட்டாரு" என்று சொன்னாள். எனக்கும் அதையேதான் சொன்னாள். போர் முடிந்து மற்ற வீடுகளுக்கு ஆளோ தந்தியோ வந்தது, எங்களுக்கு எதுவும் வரவில்லை. தகவல் இல்லாததே அவளுக்கு வசதியாகப் போய்விட்டது. காணாமல் போன சிப்பாயின் மனைவியாக, பொட்டும் தாலியுமாக, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னை வளர்த்தாள். பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'ராணுவம்' என்று அழுத்தி எழுதுவேன். அந்த ஒரு சொல்லை எழுதும்போது மட்டும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அச்சகத்தில் சேர்ந்த புதிதில், காகிதம் வெட்டும் மெஷினின் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மெஷினில் நின்றவர் ஷாஃப்டை வாங்கி, அதன்மேல் சாக்பீஸால் பெயர் எழுதுவதற்காகக் கேட்டார். இனிஷியலோடு சொல்லு, இல்லாவிட்டால் ஆள் மாறிவிடும் என்றார். சொன்னேன். சாக்பீஸ் நின்றது. 'த' என்றால் என்ன என்றார். தணிகாசலம் என்றேன். எந்தத் தணிகாசலம், எந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, புதன்கிழமை வரச் சொன்னார். புதன்கிழமை ஷாஃப்ட் புதிது மாதிரி வழவழவென்று இருந்தது. டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போய், என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "உங்கம்மா நல்லா கீறாளா?" என்று கேட்டார். அவருக்கு அங்கே வேறொரு மனைவி, இரண்டு பிள்ளைகள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் என் அப்பா இத்தனை வருஷமும் 'போரில்' இருந்திருக்கிறார். எனக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை என்று வெகுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

இப்போது தூணுக்கு வருகிறேன். மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலத்துக்குப் போகிற வழியில், உள்தெருவில் இருக்கிற அந்தச் சின்னப் பூங்காவில் நிற்கிறதே, அந்தத் தூண். உனக்கு நாலு வயதாக இருந்தபோது அதை எழுப்பினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்து போரில் இறந்தவர்களின் பெயர் கிழக்குப் பக்கம், சாமிக்காக இறந்தவர்களின் பெயர் மேற்குப் பக்கம் என்று ஏற்பாடு. கமிட்டியில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், கோயில் தர்மகர்த்தா, சர்ச்சிலிருந்து ஒருவர், பள்ளிவாசலிலிருந்து ஒருவர். நான் தமிழ் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் நாம் மாம்பலத்துக்குக் குடிவந்துவிட்டோம் என்றாலும் நான் அந்தக் கரையில் வளர்ந்தவன்தானே.

மேற்குப் பக்கத்தில் மூன்றே பெயர்கள்தான். அந்த மூன்று பெயருக்கு மேல் என்ன தலைப்பு எழுதுவது என்பதில் இரண்டு மாதம் ஓடிப்போனது. சர்ச்காரர் 'மறைசாட்சி' வேண்டும் என்றார். பள்ளிவாசல்காரர் 'ஷஹீத்' என்றார். தர்மகர்த்தா இரண்டும் வேண்டாம், 'இறைவனடி சேர்ந்தோர்' என்றார். ஹவில்தாருக்கு 'தியாகி' என்ற சொல் பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும்தான் உரியது. இதில் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஓர் ஆளின் பெயரும் இருந்தது. தேர் சரிவில் ஓடி ஜனங்கள்மேல் ஏறப்போனபோது கட்டையோடு சேர்த்துத் தன்னையும் கொடுத்தவர். அவர் அன்றைக்குக் குடித்திருந்தார், கால் தடுக்கித்தான் விழுந்தார் என்று ஒருத்தர் ஆரம்பித்தார். தர்மகர்த்தா, "குடிச்சிருந்தா என்னய்யா, கட்டையை விடலையே" என்று ஒரே போடாகப் போட்டார். கடைசியில் நான்தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக 'உயிர் நீத்தோர்' என்று போடலாம் என்றேன். போரில் உயிர் நீத்தோர், இறைநெறியில் உயிர் நீத்தோர். யாருக்கும் அதில் சண்டை போட ஒன்றுமில்லை. எல்லோரும் செத்தவர்கள்தானே. என் புத்திசாலித்தனத்தை எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை.

கல்லில் வெட்டுவதற்கு முன் பெயர்களை எங்கள் அச்சகத்தில்தான் எழுத்துக் கோத்துப் பெரிய தாளில் எடுத்தோம். ஹவில்தார் கொடுத்த சீட்டில் ஒரு பெயர், சா. தணிகாசலம். எனக்கு அவனைத் தெரியும். எங்கள் வரிசையில் கடைசி வீடு, சாமிக்கண்ணுவின் மகன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அறுபத்துமூவர் திருவிழா காட்டியவன். கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டான். வேகமாக எழுதுகிற கையில் 'க'வும் 'ச'வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எழுத்துக் கோத்தவர் 'கா' என்று அடித்துவிட்டார். புரூஃப் என் மேஜைக்கு வந்தது. கா. தணிகாசலம். காத்தவராயன் மகன் தணிகாசலம். என் அப்பா.

எங்கள் தொழிலில் ஒரு சொல்லில் எழுத்து விட்டுப்போனால் மன்னிப்பார்கள், இனிஷியல் மாறினால் மன்னிக்கமாட்டார்கள். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளையின் 'வே'வை 'வெ' என்று விட்டதற்கு, அவருடைய தகப்பனார் அச்சகத்துக்கே வந்து, என் பையனுக்கு வேறு அப்பன் வைத்துவிட்டாயே என்று என் சட்டையைப் பிடித்தார். அதற்குப் பிறகு மற்றதையெல்லாம் ஒரு தடவை பார்த்தால் இனிஷியலை மூன்று தடவை பார்ப்பேன். அந்தப் புரூஃபையும் மூன்று தடவை பார்த்தேன். சிவப்புப் பேனா கையில் இருந்தது. எழுத்தின் பக்கத்தில் கொண்டுபோனேன். பிறகு மூடி வைத்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏன் விட்டேன் என்று இருபத்துநாலு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன். அம்மா இத்தனை நாள் சொல்லிவந்த கதைக்குக் கல்லில் ஓர் ஆதாரம் கிடைக்கட்டும், அவள் தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று நினைத்தேன் என்று சில நாள் தோன்றும். ஈக்காட்டுத்தாங்கலில் உட்கார்ந்து டீ குடிக்கிற அந்த மனிதரைச் சாகடிக்க வேண்டும் என்று இருந்தேன் என்று சில நாள் தோன்றும். இரண்டும்தானா, இரண்டும் இல்லையா, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் செய்தது ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன் என்று வக்கீல் மாதிரி வாதாடியும் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.

அம்மாவின் தலை நிமிரும் என்று எதிர்பார்த்தேன் என்றேனே, நடந்ததைக் கேள். திறப்புவிழா அன்று, சாமிக்கண்ணு வீட்டாரைத் தவிர, பழைய வரிசைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெயரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொருத்தராக அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடி முன் நின்று முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "உடுடா. கல்லுல எய்தி வெச்சிட்ட. இனிமே பொட்டு வெச்சிக்கினு நான் எப்படிடா தெருவுல நடப்பேன்? அந்த ஆளு உசுரோட கீறது உனக்குந் தெரியும், எனக்குந் தெரியும்" என்றாள். அவளுக்கு எல்லாமே முதலிலிருந்து தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்காகப் பத்து வருஷம் வெறும் நெற்றியோடு இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தாள். ஆயா ஏன் பொட்டு வைப்பதில்லை என்று நீ கேட்டபோது, தாத்தா போரில் இறந்துவிட்டார், அதனால்தான் என்று கூசாமல் சொன்னவன் நான். அவள் விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. அது என் தப்பு. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு தூணுக்குப் போயிருந்தேன். நீ சுண்டல் தின்றுகொண்டு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாய். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையில் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். தன் பெயரைக் கண்டுபிடித்ததும் சத்தமில்லாமல் சிரித்தார். "உசுரோட கீற ஆள கல்லுல ஏத்திட்டியே நைனா" என்றார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், கண்ணாடி போட்டும் அது எட்டவில்லை போலிருக்கிறது. போரில் உயிர் நீத்தோர் என்று படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. நீ வந்து அவரிடம் சுண்டல் பொட்டலத்தை நீட்டினாய். இரண்டே இரண்டு கடலை எடுத்துக்கொண்டு உன் தலையில் கையை வைத்தார். யாருப்பா இது என்று என்னைக் கேட்டாய், தெரிந்தவர் என்றேன். அவர் போகும்போது அதை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. வைக்கச் சொல்லியும் சொல்லவில்லை. பின்னால் அவர் படுக்கையில் கிடந்து இறந்தபோது நான் போனேன். அந்த வீட்டுப் பிள்ளை கொள்ளி வைத்தான். நான் தெருமுனையில், பட்டறைக்காரர்களோடு நின்றேன்.

அப்பா தூணைப் பார்க்க வந்துபோன அதே வருஷம்தான் கன்னியம்மா வர ஆரம்பித்தது. செத்துப்போன சிப்பாய் தணிகாசலத்தின் தங்கை. எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமாகி சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றோரத்தில் இருந்தவர்களை இப்போது பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள், தூண் திறந்த தேதியில், இரண்டு பஸ் மாறி வரும். முதல் தடவை வந்தபோது என்னிடம்தான், "எங்கண்ணன் பேரு எதுன்னு காட்டு" என்று கேட்டது. அந்தக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் 'கா'வின் மேல் வைத்தேன். விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கதம்பத்தை வைத்து, கல்லில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதது. அதிலிருந்து வருஷா வருஷம் அதே தேதியில் நானும் ஒரு மாலை வாங்கிப் போவேன். ஒரே பெயருக்கு இரண்டு மாலை. நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே. சில வருஷம் அப்பாவுக்கு, சில வருஷம் அவனுக்கு. சில வருஷம் கன்னியம்மா பார்க்கிறதே என்பதற்காக.

இப்படியே நானும் கண்ணை மூடியிருப்பேன், நீ அந்தப் பெண்ணைக் கூட்டிவராமல் இருந்திருந்தால். தப்பாக நினைக்காதே, அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவளுடைய அப்பா சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று நீ சொன்னபோதே எனக்குத் தூண்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஜாதி வேறு என்று ஆறு மாதம் இழுத்தடித்த மனிதர், உன் தாத்தா பெயர் தூணில் இருக்கிறது என்று நீ போட்டோ காட்டிய மறுநாளே சம்மதித்தார். சிப்பாய் வீட்டுப் பெண் சிப்பாய் வீட்டுக்குத்தானே போகிறாள் என்றார். போன மாதம் பெசன்ட் நகரிலிருந்து கிளம்பிவந்து, என்னையும் கூட்டிக்கொண்டு தூணுக்குப் போனார். கொளுத்துகிற வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால்களைச் சேர்த்து, ஒரு சல்யூட் அடித்தார் பார். எந்த ரெஜிமென்ட் என்று என்னிடம் கேட்டார். காகிதமெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். பொய்யின் மேல் பொய். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அங்கேயே புதைந்துபோய்விட மாட்டோமா என்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்துக்குப் போனேன். உன் அம்மாவிடம் முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொல்லித் தொலையுங்கள் என்றாள். யாரிடம் முதலில் சொல்வது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஆறு மாடி ஏறினேன். கன்னியம்மா தண்ணீர் கொடுத்து விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தது. புரூஃபிலிருந்து ஆரம்பித்து, அந்த எழுத்து விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா எங்கே இருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில், "நீ வருசா வருசம் மாலை எடுத்துக்கினு வருவியே, ஊரே மறந்தாலும் இந்தப் புள்ள எங்கண்ணன மறக்கலியேன்னு நெனச்சிக்கினு கீறேன்" என்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கிழவன் இன்னொருத்தர் வீட்டில் உட்கார்ந்து அப்படி அழக்கூடாது. அழுதேன்.

அதற்குப் பிறகு கன்னியம்மா சொன்னதுதான் என்னை இன்னும் குழப்பிவிட்டது. எழுத்தை மாற்று என்றது, அது நியாயம். அதோடு விடவில்லை. "எங்கண்ணனுக்குக் கண்ணாலமே ஆவல. உன் புள்ள பத்திரிகைல அவன் பேரையே போட்டுக்கோ. பேரன்னு ஒருத்தன் கீறட்டும். எயுத்த மட்டும் கரெக்டா போடு" என்றது. தம்பி, இரண்டு நாள் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார். கல்லில் 'சா' ஆகிவிடும், பத்திரிகையிலும் 'சா' என்று போட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவனுக்கு ஒரு பேரன் கிடைக்கிறான். உன் மாமனாரின் சல்யூட் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேருகிறது. கொடுக்க உரிமையுள்ளவள் தன் வாயால் கொடுக்கிறாள். உன் கல்யாணம் நிற்காது. எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். ரொம்பப் பிடித்தது. பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். உனக்கு இன்னொரு தடவை தாத்தாவை மாற்றி வைக்க மட்டும் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று என்னால் உனக்கு விளக்க முடியவில்லை.

கமிட்டியில் இப்போது உயிரோடு இருப்பவர் தர்மகர்த்தா ஒருவர்தான். அவரிடம் போய்ச் சொன்னேன். பத்து நிமிஷம் என்னைத் திட்டினார், பிறகு கல் வேலைக்காரரின் நம்பரைக் கொடுத்தார். நேற்றுக் காலை வேலை நடந்தது. கல்லில் ஓர் எழுத்தை அழிப்பது நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அந்த இடத்தை மட்டும் லேசாகப் பள்ளமாக்கி, வழவழப்பாக்கி, மறுபடி வெட்ட வேண்டும். மற்ற எழுத்துகளைவிட அது கொஞ்சம் உள்ளே இறங்கித்தான் இருக்கும் என்றார் அவர். முக்கால் மணி நேரம் மெஷின் கத்தியது, வெள்ளைத் தூசு எங்கள் மேலெல்லாம் படிந்தது. நின்றதும் கன்னியம்மா போய்த் தடவிப் பார்த்தது. விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் முகமெல்லாம் மலர்ந்தது. இனிமேல் யாரையும் கேட்க வேண்டாம், கையாலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று கல் வேலைக்காரரிடம் பெருமையாகச் சொன்னது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சரி, எங்கண்ணன் வந்துட்டான். இப்ப உங்கப்பா எங்க போனாரு?" என்று கேட்டது. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. நான் தூசைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

பத்திரிகையில் 'போரில் உயிர் நீத்த' என்ற மூன்று சொல்லையும் அடித்துவிட்டேன். கா. தணிகாசலம் என்ற பெயரை வைப்பதா எடுப்பதா என்பதை நீ முடிவு செய். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதே இன்னும் தெரியவில்லை, இதில் நான் என்ன சொல்ல? நீ முதலில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவள் அப்பா வாயிலிருந்து அவள் கேட்கக்கூடாது. அவளும் வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் நான், நீ இல்லை. அதை நான் யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். உன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அந்த ஆசையால்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேனா, பயத்தாலா என்று என்னைக் கேட்காதே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகருக்குப் போகிறேன். உன் மாமனாரும் கன்னியம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார். இந்த முறை தூசு தட்டிக்கொண்டு நிற்க முடியாது. நேற்றிலிருந்து தனியாக உட்கார்ந்து சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். என் அப்பா கா. தணிகாசலம். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் வேலை செய்தார். என்னையும் என் அம்மாவையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக இதைச் சுற்றிவளைக்காமல் வாய்விட்டுச் சொல்கிறேன். முதல் இரண்டு வாக்கியமும் தெளிவாக வருகின்றன. மூன்றாவதில் ஒவ்வொரு தடவையும் குரல் போய்விடுகிறது. உனக்கு லீவு கிடைத்தால், நீ பேச வேண்டாம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்.

அப்பா